முழு வேதமா, நாளுக்கொரு வசனமா? புது வருஷத்துக்கு முன் ஒரு கணக்கு

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் ஸ்டார் தொங்கும் வீடுகளில் பாதி பல்பு எரியாது, மிச்ச கேக்குக்கு எறும்பு வரும், யாராவது ஒருத்தர் என்னிடம் வந்து, "அடுத்த வருஷமாவது பைபிளை ஒழுங்காப் படிக்கணும், எப்படி ஆரம்பிக்கிறது?" என்று கேட்பார். போன முறை கேட்டவன் என் தங்கை மகன். மாதவரத்தில் கன்டெய்னர் யார்டில் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடியில் ஒரு பெந்தெகொஸ்தே சபை. போனை நீட்டினான். "மாமா, நாலு பிளான் இறக்கி வச்சிருக்கேன். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

நான் போதகர் இல்லை. எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஏ, பி, சி என்று மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்து ஓய்வு பெற்றவன். சி.எஸ்.ஐ. சபை, அதாவது புராட்டஸ்டன்ட். வீட்டுக்காரி ராயபுரத்து ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பம். அதனால் எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு வேதாகமம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது, இரண்டு விதமான வாசிப்பும் ஒரே கூரைக்குக் கீழே நடக்கிறது. முப்பது வருஷத்தில் ஏறக்குறைய எல்லா முறையையும் பிடித்துப் பார்த்துவிட்டேன், சிலதில் விழுந்தும் இருக்கிறேன்.

ஒரு முறை நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். நாளுக்கு எத்தனை அதிகாரம், எத்தனை நிமிஷம் என்பதெல்லாம் அப்புறம். பத்து நாள் விட்டுப்போன பிறகு அது உன்னை எப்படித் திரும்பச் சேர்த்துக்கொள்கிறது? விட்டுப்போகும், அதில் சந்தேகமே வேண்டாம். காய்ச்சல் வரும், கல்யாணம் வரும், டபுள் ஷிப்ட் வரும், வடசென்னையில் இருப்பவனுக்கு டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணியும் வரும்.

தண்டல் மாதிரி ஒரு திட்டம்

முதலில் பெரியதை எடுத்துக்கொள்வோம், ஒரு வருஷத்தில் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை. 66 புத்தகம், 1,189 அதிகாரம். 365ஆல் வகுத்தால் நாளுக்கு மூன்றேகால். நிதானமாகப் படிக்கிறவனுக்கு இருபது நிமிஷம். கேட்க ஒன்றும் கஷ்டமாகத் தெரியாது.

ஜனவரியில் நன்றாகத்தான் ஓடும். ஆபிரகாம், யாக்கோபு, யோசேப்பு எல்லாம் கதை. யாத்திராகமத்தின் முதல் பாதியும் கதை. ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, ஆக 90 அதிகாரம். கணக்குப்படி ஜனவரி 28 வாக்கில் லேவியராகமம் முதல் அதிகாரத்தில் நிற்போம். தகனபலி, போஜனபலி, குண்டிக்காய், கல்லீரல் மேலுள்ள ஜவ்வு. புது வருஷத் தீர்மானம் எங்கே செத்துப்போகிறது என்று கேட்டால் தேதி போட்டே சொல்லிவிடலாம்.

அதைவிட மோசம் அதன் கடன் கணக்கு. தண்டல் வாங்கினவர்களுக்குத் தெரியும். பத்தாயிரம் என்று எழுதிவிட்டுப் பிடித்தம் போகக் கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள். ஒரு நாள் கட்டாவிட்டால் மறுநாள் இருநூறு. ஒரு வாரம் போனால் தண்டல்காரர் வரும் நேரம் பார்த்து ஆள் கொல்லைப்பக்கம் போய்விடுவான். வருஷத் திட்டமும் அப்படித்தான். பத்து நாள் விட்டால் 33 அதிகாரம் பாக்கி. அப்புறம் வேதத்தைத் திறப்பதற்கே கூச்சமாகிவிடும். இரண்டு வருஷம் நான் அப்படிக் கொல்லைப்பக்கம் போனவன்.

மூன்றாவது தடவை முடித்தேன். அது 2023. நவம்பர் வரை ஒழுங்காக வந்து நிருபங்களில், அதாவது பவுல் முதலானவர்களின் கடிதங்களில், நிற்கும்போது மிக்ஜாம் புயல் வந்தது. தரையில் முழங்கால் தண்ணீர், வேதாகமம் பரணில், கரண்ட் இல்லை, ஒன்பது நாள் போயிற்று. முன்பு போல இருந்தால் விட்டிருப்பேன். அந்த முறை தேதியை அடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து நாளுக்கு மூன்று என்று போனேன். ஜனவரி இரண்டாம் வாரம் முடிந்தது. டிசம்பர் 31க்குள் முடிக்க வேண்டும் என்று எந்த வசனத்திலும் இல்லை.

முடித்ததில் கிடைத்தது என்ன? சின்ன வாசிப்பில் கிடைக்காத ஒன்று: எது எங்கேயிருந்து வருகிறது என்ற தொடர்ச்சி. "உன்னைப்போல் பிறனை நேசி" என்பதை இயேசு சொன்னதாகத்தான் ஞாயிறு பள்ளியில் படித்தோம். அவர் அதை எடுத்தது நாம் பயந்து ஓடும் அதே லேவியராகமத்திலிருந்து, 19ஆம் அதிகாரம், 18ஆம் வசனம். சிலுவையில் "என் தேவனே, என் தேவனே" என்று கூப்பிட்டது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. எபிரெயர் நிருபத்தின் நடுப்பகுதி, பாவநிவாரண நாளின் பலியைச் சொல்லும் லேவியராகமம் 16 தெரியாதவனுக்குப் பூட்டின வீடு.

அதே 19ஆம் அதிகாரத்தில் 13ஆம் வசனம் என்னை ஒரு நாள் பிடித்தது. "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது." அந்த வாரம் வீட்டுக்கு வெள்ளையடித்தவருக்கு 1,400 ரூபாய் பாக்கி வைத்திருந்தேன். வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஏ.டி.எம். போகச் சோம்பல், அவ்வளவுதான். மூன்று தடவை போன் பண்ணியிருந்தார். அன்று ராத்திரி ஒன்பது மணிக்குக் கொருக்குப்பேட்டையில் அவர் வீட்டைத் தேடிப் போய்க் கொடுத்தேன். அவர் பெண்சாதி கதவைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதை இங்கே எழுத வேண்டாம். தினதியானப் புத்தகம் எதிலும் இந்த வசனம் எனக்குக் கண்ணில் பட்டதில்லை. முழுவதும் படிக்கிறவனுக்குத்தான் இது மாட்டும்.

முழு வேதத்தையும் நேர்க்கோட்டில் படிக்காமல் நான்கு இடத்தில் ஒரே சமயம் படிக்கிற ஒரு அட்டவணை உண்டு. ஸ்காட்லாந்தில் டண்டீ ஊரில் பேதுரு ஆலயத்துப் போதகராக இருந்த ராபர்ட் மறே மெக்செய்ன் 1842ல் தன் சபைக்காகப் போட்டது. (ராயப்பர் என்றாலும் பேதுரு என்றாலும் ஒருவர்தான், ராயபுரத்துக்குப் பெயர் அப்படி வந்தது என்பார்கள். துறைமுகப் பக்கத்தில் பேதுருவுக்குக் கோயில் கட்டுவது எல்லா ஊரிலும் தோன்றுகிற யோசனை போலும்.) நாளுக்கு நான்கு அதிகாரம், வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை. லேவியராகமத்தில் மாட்டிக்கொண்டாலும் அன்றைக்கு ஒரு சங்கீதமோ சுவிசேஷமோ கூட இருப்பதால் மூச்சு முட்டாது. எனக்குப் பிடித்தது அட்டவணையைவிட அவர் அதோடு எழுதிய எச்சரிக்கை. இது வெறும் சடங்காகிவிடலாம், படித்து முடித்தேன் என்ற பெருமை வரலாம், அவசரமாக மேயலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகலாம் என்று நான்கு ஆபத்தையும் அவரே சொல்லிவிட்டார். அடுத்த வருஷமே 29 வயதில் இறந்துபோனார். இன்று செயலியில் அவர் அட்டவணை இருக்கிறது, எச்சரிக்கையைக் காணோம்.

காலையில் வரும் ஒரு வசனம்

இரண்டாவது, எல்லாரும் சுலபமாகச் செய்வது. வாட்ஸ்அப்பில் விடிகாலை பூப்படத்தோடு வரும் வசனம். தினதியானப் புத்தகத்தில் ஒரு பக்கம். டிசம்பர் 31 ராத்திரி வாட்ச் நைட் ஆராதனையில் தட்டில் வரும் வாக்குத்தத்த அட்டை, புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் போட்டது. இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு, நான் செய்ய மாட்டேன். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் ஊர் மொரேவியர்கள் என்ற சபையார் 1731 முதல் வருஷா வருஷம் நாளுக்கொரு வசனமாக அச்சிட்டு வருகிறார்கள், அதுவும் சீட்டுக் குலுக்கி எடுத்து. நம் அட்டைக்கும் அது தூரத்துப் பாட்டன் முறை ஆகும். பத்து நாள் விட்டாலும் கடன் இல்லை; பதினோராம் நாள் பக்கத்தைத் திறந்தால் போதும். கைக்குழந்தைக்காரிக்கும், ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்கார்ந்திருப்பவருக்கும் இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று. வேறொருவர் மென்று கொடுத்ததை விழுங்குவதில் பல் வளராது. வசனத்தைத் தனியாக வெட்டி எடுக்கும்போது அது நமக்குப் பிடித்த பக்கமாகவே திரும்பிக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் எரேமியா 29:11 ஒட்டாத ஆட்டோ குறைவு. "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அட்டையில் வந்தால் வேலை கிடைக்கும், விசா வரும் என்று வைத்துக்கொள்வோம். முந்தின வசனத்தை யாரும் ஒட்டுவதில்லை. அதில் எழுபது வருஷம் என்று போட்டிருக்கிறது. பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எழுதின கடிதம் அது. சீக்கிரமே திரும்பிவிடுவீர்கள் என்று சொன்ன தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள் என்பதுதான் அதன் காரியமே. அதற்கும் மேலே 5ஆம் வசனத்தில், "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி" என்று வருகிறது. கொண்டுபோய்ப் போட்ட "பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி" அதற்காக ஜெபம் பண்ணச் சொல்கிறது.

கரையோரக் குடிசையிலிருந்து ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட ஒரு குடும்பம் எங்கள் சபையில் இருந்தது. அந்த அம்மாவுக்கு ஒரு வருஷம் வாக்குத்தத்தமாக இதே வசனம் வந்தது. திரும்ப இங்கேயே வந்துவிடுவோம் என்று எடுத்துக்கொண்டார்கள். வரவில்லை. ரொம்ப நாள் கழித்து அதிகாரம் முழுவதையும் யாரோ வாசிக்கக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்கள்: "அண்ணே, எனக்குச் சொன்னது பதினொண்ணு இல்ல, அஞ்சு." பால்கனியில் முருங்கைக் கொம்பு நட முடியுமா என்று வேறு கேட்டார்கள்.

ஆகவே அட்டையை ரசியுங்கள், கூடவே அந்த அதிகாரத்தையும் படியுங்கள். ஐந்து நிமிஷம் அதிகமாகும்.

என் வீட்டுக்காரியின் முறை

ஆர்.சி.யில் ஒவ்வொரு நாள் திருப்பலிக்கும் வாசகங்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். ஞாயிறுக்கு மூன்று வருஷச் சுழற்சி. வாரநாளில் முதல் வாசகம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திரும்பும், நற்செய்தி வருஷா வருஷம் அதேதான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற கத்தோலிக்க ஆயர்களின் பெரிய கூட்டத்துக்குப் பிறகு 1969ல் வந்த ஒழுங்கு. கோயிலுக்குப் போக முடியாத நாளில் அவள் சோறு வடித்துவிட்டு அன்றைய நற்செய்தியை எடுத்துக்கொண்டு உட்காருவாள். ஒரு நாள் விட்டால் அது போனதுதான், மறுநாளைய வாசகம் காத்திருக்கும். யாருக்கும் பாக்கி இல்லை. அவள் தங்கை துபாயில் அதே பகுதியைத்தான் படித்திருப்பாள். சாயங்காலம் போனில் அதைப் பற்றியே பேசிக்கொள்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு. எங்கள் சபையில் ஞாயிறுகளுக்குத்தான் பாடமும் தலைப்பும் கையில் வருகிறது, வாரநாளில் நான் என்ன படிக்கிறேன் என்பது எனக்கும் அலமாரிக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

குறை, பகுதி பகுதியாக வெட்டியிருப்பது. ஒரு புத்தகத்தின் ஓட்டம் கிடைக்காது.

இங்கேயே மொழிபெயர்ப்பையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப்பேர் வாசிப்பை விடுவது திட்டத்தால் இல்லை, தமிழால். நான் படிப்பது 1871ல் போவர் ஐயர் குழு முடித்த பழைய மொழிபெயர்ப்பின் வழியில் வருவது. அவள் படிப்பது 1995ல் வந்த திருவிவிலியம், கத்தோலிக்கருக்குரிய 73 நூல்களோடு. என்னுடையதில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." அவளுடையதில் "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை." என்னுடையது வாய்க்கு நிற்கும், மனப்பாடம் ஆகும், அவளுடையது முதல் வாசிப்பிலேயே புரியும். ரோமர் 10:17ல் "விசுவாசம் கேள்வியினால் வரும்" என்பதைப் பார்த்து என் தங்கை மகன், கேள்வி கேட்டால்தான் விசுவாசம் வளரும் என்று ஒரு வருஷம் நம்பிக்கொண்டிருந்தான். கேள்வி என்றால் அங்கே கேட்டல். (அவன் புரிந்துகொண்டதும் அப்படியொன்றும் தப்பில்லை என்று எனக்கு இப்போதெல்லாம் தோன்றுகிறது.) பள்ளியில் தமிழ் படிக்காத பிள்ளைகளுக்குத் திருவிவிலியத்தையோ எளிய மொழிபெயர்ப்பு ஒன்றையோ கொடுங்கள். போதகர் ஐயா பழைய தமிழில்தான் பிரசங்கம் பண்ணுகிறார் என்பதற்காகப் பிள்ளையைத் தண்டிக்க வேண்டாம்.

காதில் கேட்பது

ஒலி வேதாகமத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் மாற்கு சுவிசேஷத்தில் நாலைந்து அதிகாரம் கேட்டுவிடலாம். கண் மங்கிய பெரியவர்களுக்கும், படிக்கத் தெரியாதவர்களுக்கும் இது பெரிய உபகாரம். அச்சு வருவதற்கு முன் சபையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டதுதான் வழக்கம். ஆனால் கும்மிடிப்பூண்டி லோக்கலில் கேட்டுப் பாருங்கள். இறங்கும்போது கடைசி மூன்று அதிகாரம் எங்கே போயிற்று என்று தெரியாது. ஏற்கெனவே ஒரு முறை கண்ணால் படித்ததைத் திரும்பக் கேட்கத்தான் நான் வைத்துக்கொள்கிறேன்.

செயலியைப் பற்றி ஒரே ஒரு புகார். தொடர்ச்சியாக எத்தனை நாள் படித்தாய் என்று அது எண்ணிக்கொண்டே இருக்கிறது. தங்கை மகன் ராத்திரி 11.58க்கு அவசரமாகத் திறந்து மூடுவதைப் பார்த்தேன். "இன்னாடா படிச்ச?" என்றேன். "187 நாள் மாமா" என்றான்.

ஒரே புத்தகம், மெதுவாக

இப்போது நான் செய்வது இது. ஒரு புத்தகத்தை எடுத்து நாளுக்கு ஒரு அதிகாரம், சில நாள் அரை அதிகாரம், முடியும்வரை அதிலேயே இருப்பது. பள்ளிக்கூட நோட்டு ஒன்று. அதில் மூன்று வரிக்குமேல் எழுதுவதில்லை: இங்கே என்ன நடக்கிறது, அன்றைக்குக் கேட்டவனுக்கு அது என்ன, இன்றைக்கு எனக்கு என்ன. மூன்றாவது வரி பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அதை நிரப்ப வேண்டுமென்று பொய்யாக எழுதினால் இரண்டே வாரத்தில் எல்லா நாளும் "நான் இன்னும் பொறுமையாக இருக்க வேண்டும்" என்றே வரும். என் பழைய நோட்டு ஒன்று முழுக்க அப்படித்தான் இருக்கிறது.

முதல் சங்கீதத்தில் "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன்" என்று வருகிறதே, அந்தத் தியானம் என்ற இடத்தில் உள்ள எபிரெயச் சொல்லுக்கு முணுமுணுத்தல் என்று பொருள். ஏசாயா 31ல் இரையின்மேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும் அதே சொல்தான். கண்ணை மூடி மனதை வெறுமையாக்குவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது வாயால் செய்கிற வேலை. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற துறவி இதையே நாலு படி ஏணியாகச் சொன்னார்: வாசி, அசைபோடு, ஜெபி, சும்மா இரு. என் மாமியாருக்கு ஏணியும் தெரியாது, எபிரெயமும் தெரியாது. மீன் கழுவும்போது காலையில் கேட்ட ஒரு வரியை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

இந்த முறைக்குப் பத்து நாள் விட்டால் என்ன? ஒன்றும் இல்லை. நோட்டில் கடைசிப் பக்கத்தைப் பார்த்து, முந்தின அதிகாரத்தை ஒரு முறை திரும்பப் படித்துவிட்டுத் தொடரலாம். பலவீனம் வேறே. நமக்குப் பிடித்த புத்தகங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்போம். நான் யோவானையும் பிலிப்பியரையும் நான்கு முறை படித்த காலத்தில் ஆமோஸ் பக்கம் போனதே இல்லை. இதற்காகத்தான், வாழ்க்கையில் ஒரு தடவையாவது முழுவதையும் படித்து வையுங்கள் என்கிறேன். இரண்டு வருஷம் ஆகட்டும், மூன்று வருஷம் ஆகட்டும்.

சரி, யாருக்கு எது? என் அபிப்பிராயம், சண்டைக்கு வராதீர்கள். புதிதாக வேதம் கையில் எடுக்கிறவர்கள் ஆதியாகமத்தில் ஆரம்பிக்க வேண்டாம், மாற்கில் ஆரம்பியுங்கள். 16 அதிகாரம்தான், ஞாயிறு மத்தியானம் ஒரே உட்காரலில் முடிந்துவிடும். லெந்து காலத்தில் (உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு முந்தின தவக்காலம்) மட்டும் ஒழுங்காகப் படிப்பேன் என்கிறவர்கள் நான்கு சுவிசேஷத்தையும் எடுங்கள். 89 அதிகாரம், நாளுக்கு இரண்டு, உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே முடியும். மனசு சரியில்லாதவர்களுக்குச் சங்கீதம், நாளுக்கு ஐந்து வீதம் முப்பது நாள், 119 வருகிற அன்று மட்டும் (176 வசனம்) ஈவு இரக்கத்தோடு பிரித்துக்கொள்ளுங்கள். பதின்வயதுப் பிள்ளைகளோடு குடும்ப ஜெபம் நடத்துகிற அப்பாக்களுக்கு நீதிமொழிகள்: 31 அதிகாரம், இன்றைய தேதிதான் இன்றைய அதிகாரம், எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதே இல்லை. முழு அதிகாரத்தையும் வாசித்துவிட்டு மேலே பத்து நிமிஷம் புத்திமதியும் சொன்னால் பிள்ளைகள் மறுநாள் டியூஷன் இருக்கிறது என்பார்கள். எட்டு வசனம் போதும்.

தங்கை மகனுக்கு நான் சொன்னது புதிய ஏற்பாடு. 260 அதிகாரம். வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரம் சரியாக வருகிறது. மிச்சமிருக்கும் இரண்டு நாள் விட்டதைப் பிடிக்க. அவன் கேட்ட அடுத்த கேள்வி நேரத்தைப் பற்றி. அவன் சபையில் அதிகாலை நாலு மணி ஜெபத்தை ரொம்பச் சொல்வார்கள். நைட் ஷிப்ட் வாரத்தில் நாலு மணிக்கு அவன் கிரேனுக்குக் கீழே நிற்பான். இயேசு அதிகாலை இருட்டோடே எழுந்து போய் ஜெபித்தார், மாற்கு 1:35, உண்மைதான். ஈசாக்கு தியானம் பண்ண வெளியே போனது சாயங்காலத்தில். பவுலும் சீலாவும் சிறையில் பாடினது நடுராத்திரியில். ராத்திரி சி ஷிப்ட்காரனுக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது. வேலை முடிந்து வந்து படுக்கும்முன் படிக்கிறேன் என்றான். வேண்டாம், புத்தகம் மூக்கில் விழும், நான் பார்த்திருக்கிறேன். வேலைக்குக் கிளம்பும்முன் படி என்றேன்.

இதுவரை சொன்ன எல்லா முறைக்கும் பொதுவாக ஒரு ஓட்டை உண்டு. தனியாகப் படிக்கிறவன் தனக்குத் தெரிந்ததையே படிப்பான்.

எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில், வலை பின்னுவது, இன்ஜின் பார்ப்பது, மற்றபடி வீடு. அவர் பெண்சாதிதான் சபைக்கு வருவார்கள், அவர் கிறிஸ்துமஸுக்கு மட்டும். ஒரு தடைக்காலத்தில் திண்ணையில் பேச்சுவாக்கில், "சும்மாத்தானே கீறேன், எதையாவது வாசிங்க அண்ணே, கேக்கறேன்" என்றார். லூக்காவை எடுத்தேன், அதே ஆள் எழுதின அப்போஸ்தலர் நடபடிகளையும் சேர்த்து. 24ம் 28ம் 52 அதிகாரம், 61 நாள். ஒன்பது நாள் கையிருப்பு. அதில் ஏழு நாள் செலவாயிற்று, ஒரு சாவு, ஒரு காதுகுத்து, மீதி என் மூட்டுவலி.

ராமுழுவதும் வலை போட்டு ஒன்றும் அகப்படவில்லை என்று பேதுரு சொல்லும் இடத்தில் அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, "டீசல் காசு?" என்றார். படவில் டீசல் இல்லை என்றேன். "அப்ப பரவால்ல" என்றார்.

ஜூன் இரண்டாம் வாரம் அப்போஸ்தலர் 27க்கு வந்தோம். பவுலைக் கொண்டுபோகும் கப்பல் பதினாலாம் ராத்திரி புயலில் அலைகிறது. நான் வருஷக்கணக்காக வேகமாகத் தாண்டிப்போகும் அதிகாரம், ஊர்ப் பெயரும் காற்றின் பெயருமாக இருக்கும். நடுராத்திரியில் கரை கிட்ட இருக்கிறது என்று கப்பலாட்கள் சந்தேகப்படுகிறார்கள். 28ஆம் வசனம் வாசித்தேன்: விழுதுவிட்டு இருபது பாகமென்று கண்டார்கள், சற்று அப்புறம் போய் மறுபடியும் விழுதுவிட்டுப் பதினைந்து பாகமென்று கண்டார்கள்.

"பாகம்னா என்னன்னு தெரியுமா அண்ணே?" என்றார். எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷம் படித்ததில் ஏதோ அளவு என்று விட்டுவிட்டிருந்தேன். திண்ணையிலிருந்து எழுந்து நின்று இரண்டு கையையும் முழுக்க விரித்தார். "இந்த விரல்லேர்ந்து அந்த விரல். ஆறடி. கயித்த இப்படித்தான் இழுத்து அளப்போம்." கணக்குப் போட்டுப் பார்த்தேன், 120 அடி 90 ஆகியிருக்கிறது.

"கொஞ்ச தூரத்துல அஞ்சு பாகம் கொறஞ்சிச்சின்னா கரை மேல ஏறுது. இருட்டுல பாறை தெரியாது. இதுக்கு மேல போனா காலி." விரித்த கையை இன்னும் இறக்கவில்லை. "பின்னாடி நங்கூரத்த எறக்கிட்டு விடியறவரைக்கும் அப்படியே நிக்கணும். எறக்குனாங்களா?"

நான் அடுத்த வசனத்தைப் பார்த்தேன். பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரங்களைப் போட்டு, பொழுது எப்போது விடியுமோ என்றிருந்தார்கள், என்று இருந்தது.

"நாலா போட்டான்?" என்றார். "நல்ல மாலுமி."